மூன்றாம் பெட்டி, நடுக்கதவு

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, யார் வாயைக் கிண்டியும் வாங்கவில்லை. அக்கம்பக்கத்துச் சங்கதிகளை நான் மெனக்கெட்டுச் சேகரிக்கிறேன் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி பொறாமை, மீதிப் பாதி உண்மை. ஆனால் இது போன வியாழக்கிழமை மத்தியானம், மொட்டைமாடியில் நான் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தபோது, தன் காலாலேயே படியேறி வந்தது.

வந்தது கீழ்வீட்டுக் கண்ணாடியக்கா. முப்பத்தெட்டு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் உட்காரவைப்பதில் கெட்டிக்காரி.

"உன் வாயில எதுவும் நிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நெசமா?"

"யாரு சொன்னது? மூணாம் வீட்டுக்காரியா? அவ மருமகன் மூணு மாசமா ஏன் சோபாவுலயே தூங்குறான்னு அவளை முதல்ல சொல்லச் சொல்லுங்க."

"சரி, அப்ப நெசம்தான்." அவள் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். என்னால சொல்ல முடியல. நீ கதையெல்லாம் எழுதுறியே, அதுல போட்டுடு. அவ நீ எழுதுற எதையும் விடாம படிக்கிறா."

'அவ' என்றால் கண்ணாடியக்காவின் நாத்தனார், டெலிபோனக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். அண்ணன் இறந்து எட்டு வருஷமாயிற்று. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே டிவி, இரண்டு ரிமோட்.*

"பத்திரிகையில வர மாசக்கணக்கா ஆகும்க்கா."

"அச்சுல எதுக்கு? எழுதி அவ கையில குடு. கதைன்னு சொல்லியே குடு. ஆனா ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி குடுத்துடணும்."

* ஒன்று வேலை செய்யாது. யாருடையது என்பதில்தான் சண்டை.

2

தொடக்கம் ஒன்று: "மாலை ஐந்து நாற்பது ரயில் அன்று வழக்கம்போல்..."

(வேண்டாம். ரயிலை வைத்து எழுதுகிறவர்கள் எல்லாரும் முதல் வரியிலேயே நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். படிக்கிறவர் ஏதோ டிக்கெட் எடுக்கப் போகிற மாதிரி.)

தொடக்கம் இரண்டு: "ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் போலவே மனித மனங்களுக்கு நடுவிலும்..."

(இதை எழுதியதற்காக என் பேனாவை நானே ஒரு மணிநேரம் பிடுங்கி வைத்தேன். அந்த இடைவெளி ஒன்றேகால் அடி. கால் போனால் எலும்பு உடையும். அதில் மனித மனத்துக்கு ஒரு வேலையும் இல்லை.)

தொடக்கம் மூன்று, அலங்காரம் இல்லாமல்:

எங்கள் ஸ்டேஷனின் பிளாட்பாரம் நேராக இருக்காது, வில் மாதிரி வளைந்திருக்கும். தண்டவாளம் அங்கே திரும்புகிறது, பிளாட்பாரம் அதன் வெளிப்பக்கம். ஆனால் ரயில்பெட்டி வளையாது அல்லவா? அது நேரான டப்பா. ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் முன்கதவும் பின்கதவும் பிளாட்பாரத்தை ஒட்டி நிற்கும், நடுக்கதவு விலகிக்கொள்ளும். வளைவு அதிகமான இடத்தில் மூன்றாம் பெட்டி நிற்கும். அது பெண்கள் பெட்டி. போதாததற்கு வளைவில் ரயில் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்பதால், இறங்குகிறவர் தாண்டவும் வேண்டும், குதிக்கவும் வேண்டும்.

இதைக் கட்டியவர் புடவை கட்டியோ குதிகால் செருப்பு போட்டோ ஒருநாளும் அந்தக் கதவில் இறங்கியிருக்க மாட்டார் என்று கண்ணாடியக்கா சொன்னாள். நாற்பது வருஷத்தில் அந்த இடைவெளிச் சந்தில் அடிபட்டவர்கள் பதினோரு பேர். ரிஜிஸ்டர் இருக்கிறது. ஏழாவது பெயர் டெலிபோனக்காவுடையது.

3

அந்தப் பெட்டியைப் பற்றிக் கண்ணாடியக்கா பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது. நிறுத்தவும் நான் முயலவில்லை. அந்த ரயிலில் அந்தக் காலத்தில் நான் ஒருநாள்கூட ஏறியவள் இல்லை. ஆனாலும் கேட்கக் கேட்க, ஏதோ நானும் அங்கே இருந்து எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் பெட்டிக்குள் நுழைந்தால் ஆரஞ்சுத் தோல் வாசனை. டைப்பிஸ்ட் ஒருத்தி தினமும் உரிப்பாள். தான் தின்பது இரண்டு சுளை, மீதி ஊருக்கு. வாரப்பத்திரிகை வந்தால் பின்னைக் கழற்றி மூன்றாகப் பிரித்துவிடுவார்கள், தொடர்கதையை மூன்று பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று. நடுப்பகுதி கிடைத்தவள் கதாநாயகி எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தாள் என்று புரியாமலே அழுவாள். நர்சம்மா உட்கார்ந்த நிமிஷமே தூங்கிவிடுவாள். ஆனால் எங்கள் ஸ்டேஷனுக்கு முந்தைய பாலத்தின் சத்தம் கேட்டதும் யாரும் எழுப்பாமலே பையை எடுத்துக்கொண்டு எழுவாள்.

கண்ணாடியக்காவும் டெலிபோனக்காவும் ஜன்னலோர இருக்கைகளில் எதிரெதிரே உட்காருவார்கள். அண்ணிக்கு முப்பத்தொன்று, நாத்தனாருக்கு இருபத்தைந்து. வீட்டில் மாமியார் காதில் விழக்கூடாத எல்லாப் பேச்சும் அந்த ஐம்பது நிமிஷத்தில்தான். "புருஷனைவிட அவகூடத்தான் நான் அதிகம் பேசியிருப்பேன்," என்றாள் கண்ணாடியக்கா. "அவர்கூட என்ன பேச்சு? 'சாப்பிட்டீங்களா', 'லைட்ட அணைங்க.' முடிஞ்சுது."

ஸ்டேஷன் வந்ததும் நடுக்கதவில் ஒரு முறை இருந்தது. முதலில் இறங்குகிறவள் திரும்பி நின்று அடுத்தவளுக்குக் கை கொடுப்பாள். அவள் இறங்கித் திரும்பி அதற்கடுத்தவளுக்கு. யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்வோமா? எப்போதும் கடைசியில் இறங்குகிறவள் கண்ணாடியக்கா. மறந்துபோன குடை, டிபன்பாக்ஸ், ஒற்றை வளையல் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருவாள். இறங்கியதும், "அவ்வளவுதான்!" என்று குரல் கொடுப்பாள்.

அந்தக் குரல் ஒருவருக்காக. அவரை இப்போது கூட்டிவருகிறேன்.

4

பச்சைக்கொடி. அவருக்கு வேறு பெயர் இருந்தது, பெண்கள் பெட்டியில் யாரும் அதைச் சொன்னதில்லை.

வளைவில் கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டுக்கு ரயிலின் நடுப்பகுதி தெரியாது. ஆகவே நடுவில் ஓர் ஊழியர் நின்று, எல்லாரும் இறங்கியாயிற்று என்று பார்த்துப் பச்சைக்கொடி தூக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் விளிம்பிலிருந்து நான்கடி தள்ளி நின்றால்தான் கொடி கார்டுக்குத் தெரியும். நான்கடி தள்ளி நின்றால், கூட்டத்துக்குப் பின்னால், கதவுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. இந்த இரண்டு விதிகளையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை போலிருக்கிறது.

ஆகவே பச்சைக்கொடி கண்ணை நம்பவில்லை, காதை நம்பினார். "அவ்வளவுதான்" கேட்டால் கொடி. எத்தனையோ வருஷம் அது பிசகவே இல்லை.

இன்னொரு வேலையும் செய்தார், யாரும் சொல்லாமல். விளிம்பில் பூசிய வெள்ளைக்கோடு மழைக்கு அழிந்துவிடும். மறுபடி பூச வருஷம் ஒன்றாகும். நடுக்கதவு வந்து நிற்கும் இடத்தில் மட்டும் தினமும் சாக்பீஸால் அழுத்திக் கோடு போட்டுவைப்பார்.

"அது உங்க எல்லாருக்காகவும்தானே?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்னுதான் நாங்க நினைச்சோம். அவ லீவு போட்ட அன்னிக்குக் கோடு சுமாரா இருக்கும்."

[இங்கே ஒரு காதல் காட்சி எழுதினேன். அவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளிடம் நேரம் கேட்கிறார், அவள், "ஸ்டேஷன்ல இவ்வளவு பெரிய கடிகாரம் வச்சிருக்கீங்க, என்கிட்ட கேக்குறீங்க?" என்கிறாள். நன்றாக வந்திருந்தது. ஆனால் கண்ணாடியக்கா இதைச் சொல்லவில்லை. அடித்துவிட்டேன். நடந்திருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது.]

5

இனி அந்த நாள். இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். ஊர்க்கதை சொல்ல எனக்கு நாக்கு தடுக்குவது இதுதான் முதல் முறை.

மழை. பெட்டிக்கூரையில் சரளைக்கல் கொட்டுவதுபோல் சத்தம். இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் டெலிபோனக்கா சொன்னாள்:

"அண்ணி, அவர் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வராராம். அண்ணன்கிட்ட பேச."

"எவரு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"கொடி ஆட்டுறவரா? உங்கண்ணன் காதுல இதை யாரு போடுறது, நானா?"

"நீங்க ஒண்ணும் போட வேணாம். குறுக்க நிக்காம இருந்தா போதும்."

அதற்குமேல் பேசவில்லை. ஐம்பது நிமிஷப் பேச்சுக்காரிகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கண்ணாடியக்காவுக்குக் கோபம் வந்தது அவருடைய உத்தியோகத்தை நினைத்து இல்லை. உத்தியோகம்தான் காரணம் என்று அன்று அவளே நம்பினாள், உண்மைக் காரணம் பிறகுதான் தெரிந்தது. இவள் கல்யாணம் ஆகிப் போய்விட்டால் நாளை இந்த எதிர் இருக்கையில் யார் உட்காருவார்கள்?

பாலம் தடதடத்தது. நர்சம்மா எழுந்தாள். கதவருகே வரிசை. ஒவ்வொருத்தியாகக் கை மாறி இறங்கினார்கள். கண்ணாடியக்காவுக்கு முன்னால் நின்ற டெலிபோனக்கா, குடையை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து, அவளைத் தாண்டி உள்ளே திரும்பினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பேச்சுதான் நின்றிருந்ததே.

கண்ணாடியக்கா இறங்கினாள். திரும்பிக் கை நீட்டவில்லை. வாய் மட்டும்,

"அவ்வளவுதான்!"

கொடி உயர்ந்தது. விசில். டெலிபோனக்கா கதவுக்கு வந்து காலை எடுத்துவைத்த அதே நொடியில் ரயில் குலுங்கி

(இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். நான்கடிதான் நகர்ந்தது. உள்ளே யாரோ சங்கிலியை இழுத்துவிட்டார்கள். நர்சம்மா ஈரப் பிளாட்பாரத்தில் குப்புறப் படுத்து, சந்துக்குள் கைவிட்டு, அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.)

இடது கணுக்கால். மூன்று ஆபரேஷன். இன்றுவரை அந்தக் குதிகால் தரையில் படாது. செருப்புக்கு அடியில் கனமாக ஒரு தகடு தைத்துத்தான் நடக்கிறாள்.

6

விசாரணை ஓர் ஓரத்து அறையில் நடந்தது. மேலே மின்விசிறி சத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் இரண்டே கட்டம்: பயணியின் கவனக்குறைவு, ஊழியரின் கவனக்குறைவு. ஒன்றேகால் அடிச் சந்துக்கென்று ஒரு கட்டம் இல்லை. அதற்கு முன் அடிபட்ட ஆறு பேருக்கும் முதல் கட்டத்திலேயே டிக் போட்டிருந்தார்கள்.

"உள்ள ஆள் இருக்கான்னு பார்த்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"பார்க்கல சார். பார்க்காம தூக்கிட்டேன்," என்றார் பச்சைக்கொடி.

குரலை நம்பித் தூக்கினேன் என்று சொல்லியிருக்கலாம். யார் குரல் என்று அடுத்த கேள்வி வரும். சுவரோரப் பெஞ்சில் சாட்சியாக உட்கார்ந்திருந்த கண்ணாடியக்காவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க ஏதாவது பார்த்தீங்களாம்மா?"

"நான் முன்னாடி இறங்கிட்டேன் சார். அவ விழுந்ததைப் பாக்கல."

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

டிக் இரண்டாம் கட்டத்தில் விழுந்தது. அவரைத் தொலைவில் ஏதோ சரக்கு யார்டுக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டெலிபோனக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "பார்க்காம தூக்கினாராம். அண்ணி, ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்திருந்தா..." என்று அவள் அழுதபோது, அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தது கண்ணாடியக்காவின் கை. பிறகு அவரிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் பிரிக்காமலே கிழித்தாள்.

"அப்புறம் அவருக்குக் கல்யாணம் ஆச்சா? பிள்ளைகுட்டி?" என்று கேட்டேன்.

"தெரியாது."

முப்பத்தொரு வருஷம்! இதைக்கூட விசாரிக்காமல் மனுஷி எப்படித்தான் இருந்தாளோ.

7

இப்போது ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிளாட்பாரத்தை மூடுகிறார்கள். இடித்துக் கட்டி, வளைவை முடிந்த அளவு நேராக்கி, ரயில் நின்றதும் தானாக நீண்டு இடைவெளியை மூடும் தகடு வைக்கப்போகிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிறிய கூட்டம். ரிஜிஸ்டரில் இருந்த பதினோரு பேருக்கும் அழைப்பு வந்தது. வரப்போகும் பழைய ஊழியர்களின் பட்டியலும் கூடவே. அதில் அவர் பெயர்.

டெலிபோனக்கா அட்டையைப் படித்துவிட்டு, மடித்து, ஆடுகிற டீப்பாயின் காலுக்கு அடியில் வைத்தாளாம். "அந்த ஆளு மூஞ்சில முழிக்கவா நான் போகணும்?"

ஆனால் மறுநாள் டீப்பாய் மறுபடி ஆடியது. அட்டை அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கு உண்மை தெரிய வேண்டும். தெரிந்தால் அவரைப் பார்க்கப் போவாள். தெரிந்தால் அண்ணியின் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் தெரியவில்லை.

இந்த இடத்தில் எனக்கு என் கதாநாயகி மேலேயே சந்தேகம் வந்தது. போர்வை காய்ந்துகொண்டிருந்தது. நேராகவே கேட்டேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவ உள்ள திரும்பினதை நீங்க பார்த்தீங்க. அப்புறமும் எப்படி அந்த வார்த்தை வந்துச்சு? பழக்கத்துலயா, கோபத்துலயா?"

அவள் துணிக்கொடியில் இருந்த கிளிப் ஒன்றைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"பழக்கம்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சில நாள் அது பொய்னு தோணுது. ஆனா ஒண்ணு சொல்றேன், இதையும் எழுதிக்கோ. அவ கல்யாணம் பண்ணிப் போயிடுவாளோன்னு பயந்தேன் இல்ல? போகல. என்கூடவே இருந்துட்டா. திரும்ப வேலைக்குப் போனப்பவும் அதே ரயில், அதே எதிர் சீட். நான் நினைச்ச மாதிரியே நடந்துடுச்சு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

8

படிப்பவர்களுக்காகச் சில முடிவுகள் தயார் செய்தேன்.

(அ) டெலிபோனக்கா கதையைப் படித்துவிட்டுப் புன்னகைத்து, "எனக்கு அப்பவே தெரியும் அண்ணி," என்கிறாள். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். இப்படி முடித்தால் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் இந்தத் தெருவில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். நான் சொல்வதற்கு முன்னால் யாருக்கும் எதுவும் 'அப்பவே' தெரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

(ஆ) அவள் அலறுகிறாள். வீட்டின் நடுவே சுவர் எழும்புகிறது. இரண்டு அடுப்பு. ரிமோட் பிரச்சினை ஒருவழியாகத் தீர்கிறது.

(இ) கதையை நான் கொடுப்பதில்லை. ஞாயிறு சாதாரண ஞாயிறாகப் போகிறது. பிளாட்பாரத்தில் ஒரு வயதானவர், கூட்டம் கலைந்த பிறகும்

இல்லை, (இ)யை என்னால் எழுத முடியாது.

9

இது வரைக்கும் ஒன்பது தாள். சனிக்கிழமை மத்தியானம் எடுத்துக்கொண்டு கீழே போனேன். இனி எழுதுவது அதற்குப் பிறகு எழுதியது.

டெலிபோனக்கா சாப்பாட்டு மேஜையில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள். கையில் தாளைப் பார்த்ததும் கண் மலர்ந்தது.

"புதுக் கதையா? இந்தத் தடவை யார் மானம் போகுது?"

நான் நீட்டுவதற்குள் கண்ணாடியக்கா வந்து வாங்கிக்கொண்டாள். "நான் பார்த்துட்டுத் தரேன்." கண்ணாடியைத் தேடக்கூட இல்லை, சமையலறை வாசலில் நின்றபடி தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவள்! (நான் கதைகட்டிச் சொல்லவில்லை. கட்டியிருந்தால் இவ்வளவு பொருத்தமாகக் கட்ட வெட்கப்பட்டிருப்பேன்.)

கால்மணி நேரம். குக்கர் இரண்டு விசில் அடித்தது. டெலிபோனக்கா பேனாவைக் கடித்தபடி என்னிடம் ஏழெழுத்தில் ஒரு பறவை கேட்டாள். எனக்கு ஒரு பறவையும் நினைவுக்கு வரவில்லை.

கண்ணாடியக்கா கடைசித் தாளை முடித்து, எல்லாவற்றையும் அடுக்கி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருக்கே. ஆனா இதுல நான் நல்லவளாத் தெரியிறேன். படிச்சா அவ எனக்காகப் பரிதாபப்படுவா. அது வேணாம்." பிறகு மெல்ல, "நானே சொல்றேன்," என்றாள்.

நாற்காலியை இழுத்து நாத்தனாருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ஏய், அந்தப் பேனாவைக் கீழ வை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உக்காரு."

"உக்காந்துதானே இருக்கேன்? என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி இருக்கு? டாக்டர் ஏதாவது சொன்னாரா? காலையிலயே கேட்டேன், ஒண்ணுமில்லன்னீங்க..." டெலிபோனக்கா பதறி மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி அண்ணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் அங்கே நிற்பதையே இருவரும் மறந்துவிட்டிருந்தார்கள். என் தொழிலில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் வெளியே வந்து, கதவை மெதுவாக இழுத்துச் சாத்திவிட்டு, மாடியேறினேன்.

படிக்கட்டில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று சொல்ல ஆசை. ஒரு நாற்காலி நகர்ந்தது. அவ்வளவே கேட்டேன், சத்தியமாக.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கீழே கேட் திறந்தது. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் கேட். எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். காலடியை வைத்தே சொல்லிவிடுவேன், தகடு வைத்த செருப்பு தனியாகப் போகிறதா, அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடி போகிறதா, இல்லை கண்ணாடியக்கா மட்டும் போகிறாளா என்று. கேட் திறந்த சத்தத்துக்கும் முதல் காலடிக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருந்தது.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். வாளி நிறைந்து, வழிந்து, என் கால் நனைந்து, போனது யாரானாலும் தெருமுனை தாண்டியிருப்பார்கள் என்று தோன்றும்வரை மூடவில்லை.

உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. நீங்கள் கீழே தெருவில்தான் நிற்கிறீர்கள். கேட் உங்கள் கண்முன்னால் இருக்கிறது. பாருங்கள். பார்த்ததை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். சொன்னால் பத்து மணிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.